மூன்று மேடைகள், மூன்று புள்ளிமுறைகள்: காட்யா எப்ஸ்டைனின் யூரோவிஷன் பயணம்

செந்தூரன்:

ஜெர்மனியும், ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் நாட்டுக்கொரு பாடலுடன் மோதும் யூரோவிஷன் பாட்டுப்போட்டியும் என்று பேச்சு எழுந்தால், 1982இல் வென்ற நிக்கோலிடமும் 2010இல் வென்ற லேனா மையர்-லாண்ட்ரூட்டிடமும் அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வென்றவர்களைப் பேசுவதில் தவறில்லை. ஆயினும் அந்நாட்டின் சார்பில் போட்டியிட்டவர்களுள் மிகச் சிறந்த பதிவை உடையவர் யார் என்று என்னைக் கேட்டால், ஒருமுறையும் வெல்லாத காட்யா எப்ஸ்டைனின் பெயரையே சொல்வேன்.

அவர் மூன்று முறை பங்கேற்றார். 1970இல் ஆம்ஸ்டர்டாமில் 'வுண்டர் கிப்ட் எஸ் இம்மர் வீடர்' (அற்புதங்கள் மீண்டும் மீண்டும் நிகழும்) என்ற பாடலுடன் மூன்றாம் இடம். 1971இல் டப்ளினில் 'டீஸ வெல்ட்' (இந்த உலகம்) என்ற பாடலுடன் மீண்டும் மூன்றாம் இடம். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1980இல் ஹேக் நகரில் 'தேயாட்டர்' (நாடகம்) என்ற பாடலுடன் இரண்டாம் இடம். போட்டியிட்ட ஒவ்வொரு முறையும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, அதை மூன்று முறை நிகழ்த்திய பாடகர் அவர்.

என் வாதம் இடங்களை மட்டும் சார்ந்ததன்று. அந்த மூன்று போட்டிகளிலும் புள்ளிகள் வழங்கப்பட்ட முறை மூன்று விதமாக இருந்தது. 1970இல் ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள் இருந்தனர். தமக்குப் பிடித்த ஒரே ஒரு பாடலுக்கு ஒவ்வொருவரும் ஒரு வாக்களித்தனர். 1971இல் நாட்டுக்கு இரண்டே நடுவர்கள். அவர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். 1980இல் நாம் இன்றும் அறிந்துள்ள 1 முதல் 8, பின்னர் 10, 12 என்னும் முறை நடைமுறையில் இருந்தது. முதல் முறை ஆழ்ந்த விருப்பத்தை அளக்கிறது, இரண்டாவது பொதுவான மதிப்பை அளக்கிறது, மூன்றாவது இரண்டும் கலந்தது. மூன்றிலும் ஒருவர் முன்னணிக்கு வந்தார் என்றால், ஏதோ ஒரு முறையின் ஓட்டையால் அவர் வந்தார் என்று சொல்ல இடமில்லை. மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம்.

மருதன்:

செந்தூரன் அவர்களே, 1980ஐப் பற்றி எனக்கு மறுப்பில்லை. 1970இன் மூன்றாம் இடத்தைத்தான் இவ்வளவு உயர்த்திப் பிடிக்க முடியுமா என்று ஐயுறுகிறேன்.

முதலாவதாக, அந்த ஆண்டு பன்னிரண்டு நாடுகள் மட்டுமே போட்டியிட்டன. 1969இல் மாட்ரிட்டில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் சமநிலையில் வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. அதனால் எழுந்த அதிருப்தியில் சுவீடன், நார்வே, பின்லாந்து, போர்ச்சுகல் ஆகியவை அடுத்த ஆண்டு வரவில்லை, ஆஸ்திரியாவும் இல்லை. இரண்டாவதாக, வென்ற அயர்லாந்தின் டானா பெற்றது 32 வாக்குகள், இரண்டாம் இடம் பெற்ற பிரிட்டனின் மேரி ஹாப்கின் பெற்றது 26, எப்ஸ்டைன் பெற்றது 12. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையில் அவர் பெற்ற மொத்த வாக்குகளைவிடப் பெரிய இடைவெளி இருக்கிறது. இதை முன்னணி என்று சொல்வது பட்டியலைப் பார்த்துச் சொல்வதேயன்றிப் போட்டியைப் பார்த்துச் சொல்வதாகாது.

கணக்குப்பிள்ளை:

மருதன் தந்த எண்கள் சரியானவை. அவற்றை முழுமையாக வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு நாடுகள், நாட்டுக்குப் பத்து வாக்குகள் என்றால் மொத்தம் 120 வாக்குகள். டானாவும் மேரி ஹாப்கினும் சேர்ந்து 58 வாக்குகளை எடுத்துக்கொண்டனர். எஞ்சிய 62 வாக்குகளைப் பத்துப் பாடல்கள் பங்கிட்டன. எப்ஸ்டைனுக்கு 12, அடுத்ததாகப் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் மூன்றும் தலா 8, நெதர்லாந்து 7, இத்தாலி, பெல்ஜியம், மொனாக்கோ தலா 5, யூகோஸ்லாவியா 4, லக்சம்பர்க் 0. எட்டு வாக்குகள் பெற்ற அந்த மூவருள் ஒருவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஸ்பெயின் பாடகர் ஹூலியோ இக்லேசியாஸ் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, ஒரு பாடலுக்கான சராசரி 10 வாக்குகள். சராசரிக்கு மேல் பெற்றவர்கள் மூவரே. முதல் இருவரிடமிருந்து எப்ஸ்டைன் வெகுதூரத்தில் இருந்தார் என்பது மருதனின் வாதம். பின்னால் வந்தவர்களை விட்டும் அவர் தெளிவாக விலகி இருந்தார் என்பதும் அதே பட்டியல் சொல்லும் உண்மை.

செந்தூரன்:

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு நன்றி. மருதனின் ஐயத்துக்கு ஜெர்மனியின் அன்றைய நிலையிலிருந்து ஒரு விடை உண்டு.

1970க்கு முன் அந்நாடு எட்டிய மிக உயர்ந்த இடம் நான்கு. 1957இல் மார்கோட் ஹீல்ஷரும் 1960இல் வின் ஹூப்பும் அதைப் பெற்றனர். அதன் பின் வந்த பத்தாண்டு அவ்வளவு இனிமையானதன்று. 1964இல் நோரா நோவாவும் 1965இல் உல்லா வீஸ்னரும் ஒரு புள்ளியும் இல்லாமல் திரும்பினர். இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துச் சுழியம். போட்டி தொடங்கிய 1956 முதல் ஓர் ஆண்டும் விடாமல் கலந்துகொண்டு வந்த ஒரு பெரிய நாட்டுக்கு அது சிறிய தலைக்குனிவன்று. அந்தப் பின்னணியில்தான் எப்ஸ்டைனின் மூன்றாம் இடம் வருகிறது. அவர் 1971இலும் அதையே பெற்றார், 1972இல் மேரி ரூஸும் மூன்றாம் இடம் பெற்றார். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மூன்றாம் இடம் என்பது, அதுவரை நான்கைத் தாண்டாத நாடு ஒரு படி ஏறி அங்கேயே நின்றுகொண்டது என்பதற்குச் சான்று. அந்தப் படியில் முதலில் கால் வைத்தவர் இவர்.

இசைவாணி:

எண்களை விட்டுச் சற்று இசைக்கு வருவோம், ஏனெனில் இவர் பாடிய மூன்று பாடல்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல.

1970இன் பாடலுக்கு இசையமைத்தவர் கிறிஸ்தியான் ப்ரூன், வரிகளை எழுதியவர் குந்தர் லோஸ. ப்ரூன் அன்றைய ஜெர்மன் மெல்லிசையின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவர். 1962இல் கோனி ஃப்ரோபெஸ் யூரோவிஷனில் பாடி ஆறாம் இடம் பெற்ற பாடலும் அவருடையதே. பின்னர் எப்ஸ்டைனின் கணவராகவும் சில ஆண்டுகள் இருந்தார். அந்தப் பாடலின் சிறப்பு, சரணம் கிட்டத்தட்டப் பேச்சைப் போல அடங்கி ஒலிப்பதும், பல்லவி வந்தவுடன் குரல் முழுவதுமாகத் திறந்துகொள்வதும் ஆகும். எப்ஸ்டைனின் குரல் தாழ்ந்த நிலையில் சற்றுக் கரகரப்பானது, மேலே செல்லச் செல்லக் கூர்மையாவது. அந்த இரண்டு நிறங்களையும் மூன்று நிமிடத்துக்குள் காட்ட அளவெடுத்துத் தைத்த சட்டையாக இந்த மெட்டு அமைந்தது.

'டீஸ வெல்ட்' வேறு திசையில் செல்கிறது. டீட்டர் ட்ஸிம்மர்மான் இசையமைத்து ஃப்ரெட் ஜே எழுதிய அப்பாடல் சுற்றுச்சூழலைப் பற்றியது. காதலை விட்டுவிட்டு, மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட பூமி பாழாவதைப் பேசுகிறது. 1971இல் ஒரு மெல்லிசைப் போட்டி மேடையில் இப்பொருளைப் பாடுவது வழக்கமானதன்று. என் கருத்தில் மூன்றில் இதுவே மிகச் சிறந்த பாடல். 'தேயாட்டர்' மிகத் திறமையாகக் கட்டப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது என்னை அசைப்பதில்லை.

நிலவன்:

சுற்றுச்சூழல் பாடல் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்ததா, அல்லது அவரே அப்படிப்பட்ட பாடலை விரும்பினாரா? அவரது பின்னணியை அறிந்தவர்கள் விளக்கினால் பயனுள்ளதாக இருக்கும்.

செந்தூரன்:

நிலவன், அவருடைய இயற்பெயர் காரின் விட்கியெவிச். 1945 மார்ச் மாதம், போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இன்று போலந்தில் உள்ள கீழ்ச் சிலேசியாவின் ஒரு சிற்றூரில் பிறந்தார். பெர்லினில் வளர்ந்தார். அங்கு ரைனிக்கன்டோர்ஃப் பகுதியில் அவர் வாழ்ந்த எப்பென்ஸ்டைன் தெருவின் பெயரிலிருந்தே 'எப்ஸ்டைன்' என்ற மேடைப்பெயர் உருவானது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் தொல்லியலும் லத்தீன் வழி வந்த ரோமான்ஸ் மொழிகளின் இயலும் பயின்றார். அறுபதுகளின் இறுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருப்பது என்றாலே அரசியலின் நடுவில் இருப்பது என்று பொருள்.

இசையிலும் அவர் மெல்லிசைக் கம்பெனிகளின் பயிற்சிப் பட்டறையிலிருந்து வந்தவரல்லர். ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் வால்டெக் கோட்டை இடிபாடுகளுக்கு அருகில் 1964 முதல் நடந்த நாட்டுப்பாடல் விழாக்கள், தாமே எழுதித் தாமே கிதார் மீட்டிப் பாடும் ஒரு தலைமுறைக்கு நாற்றங்காலாக இருந்தன. அந்த வட்டத்தைச் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனவின் கவிதைகளை இசைத்தட்டாகப் பாடினார், ஜெர்மன் எழுத்தாளர்கள் ப்ரெஹ்ட், டுஹோல்ஸ்கி ஆகியோரின் படைப்புகளை மேடை நிகழ்ச்சிகளாக வழங்கினார், எண்பதுகளில் ஏவுகணை எதிர்ப்பு இயக்கத்திலும் நின்றார். இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இத்தகைய ஒரு பாடல் அவரது குரலில் இரவல் கருத்தாக ஒலிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

1971இன் தேசியத் தேர்வு முறையையும் குறிப்பிட வேண்டும். முந்தைய ஆண்டில் கிடைத்த மூன்றாம் இடத்தால், அந்த ஆண்டு பாடகர் தேர்வே நடக்கவில்லை. ஹெஸ்ஸன் மாநில ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் எப்ஸ்டைன் ஒருவரே ஆறு பாடல்களைப் பாட, எதை அனுப்புவது என்பதை மட்டும் நடுவர் குழு முடிவு செய்தது. அந்தப் பட்டியலில் உலகத்தையும் மனிதகுலத்தையும் பொருளாகக் கொண்ட பாடல் இது ஒன்று மட்டுமன்று. ஆகவே, அந்தத் திசை ஓரளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்றே கருதுகிறேன்.

மருதன்:

டப்ளினைப் பற்றியும் ஒரு வினா எழுப்ப வேண்டியிருக்கிறது. 1971இன் புள்ளிமுறை 'பொதுவான மதிப்பை அளக்கிறது' என்று செந்தூரன் எழுதினார். நாட்டுக்கு இரு நடுவர்கள், ஒருவர் 25 வயதுக்குக் கீழ், மற்றவர் அதற்கு மேல். பாடலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். பார்ப்பதற்கு நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் எல்லாருக்கும் 1, 2 என்று கருமித்தனமாகக் கொடுக்கும் நடுவரும், எல்லாருக்கும் 4, 5 என்று வாரி வழங்கும் நடுவரும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்கிறார்கள். போட்டி நாட்டின் பாடலுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பதையும் தடுக்க வழியில்லை. மூன்று ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட முறையில் கிடைத்த இடத்தை எவ்வளவு நம்பலாம்?

கணக்குப்பிள்ளை:

முறையின் குறை உண்மையே. இருப்பினும் எண்கள் பேசுவதைக் கேட்கலாம். பதினெட்டு நாடுகள் போட்டியிட்டன. ஒரு பாடலுக்கு மற்றப் பதினேழு நாடுகளின் 34 நடுவர்கள் மதிப்பெண் இட்டனர். குறைந்தபட்சம் 34, அதிகபட்சம் 170. மொனாக்கோவின் சார்பில் பாடிய ஸெவ்ரீன் 128 பெற்று வென்றார், ஸ்பெயினின் கரீனாவுக்கு 116, எப்ஸ்டைனுக்குச் சரியாக 100, பிரிட்டனின் க்ளோடா ராட்ஜர்ஸுக்கு 98. நடுவர் ஒருவருக்கான சராசரியாக மாற்றினால், ஸெவ்ரீன் ஏறக்குறைய 3.8, கரீனா 3.4, எப்ஸ்டைன் 2.9. கடைசி இடம் பெற்ற மால்டா 52 புள்ளிகளுடன் 1.5.

முதல் இருவருக்கும் எப்ஸ்டைனுக்கும் இடையில் உள்ள தூரம், ஒன்றிரண்டு கருமி நடுவர்களால் ஏற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையில் இருந்தது வெறும் இரண்டு புள்ளிகள். அந்த இடத்தில் மருதனின் ஐயம் நியாயமானது. ஒரே ஒரு நடுவரின் மனநிலை மாறியிருந்தால் இந்த விவாதமே மாறியிருக்கும்.

இசைவாணி:

ஸெவ்ரீனிடம் தோற்றது பற்றி யாரும் வருந்த வேண்டியதில்லை. அந்த ஆண்டின் மெட்டுகளில் அதற்கு ஈடில்லை. (வென்ற மொனாக்கோ அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்த இயலாமல் போக, அது எடின்பரோவுக்குச் சென்றது தனிக்கதை.)

நிலவன்:

மூன்று முறையும் அவர் ஜெர்மன் மொழியிலேயே பாடியிருக்கிறார். அது அவரது விருப்பமா, போட்டியின் விதியா? ஆங்கிலத்தில் பாடியிருந்தால் முடிவு மாறியிருக்குமா?

செந்தூரன்:

விதி. 1966 முதல் 1972 வரை பாடல்கள் அந்தந்த நாட்டின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 1973இல் அது தளர்த்தப்பட்டது. அந்த இடைவெளியில்தான் 1974இல் சுவீடனின் ABBA இசைக்குழு ஆங்கிலத்தில் பாடி வென்றது. 1977இல் கட்டாயம் திரும்ப வந்து 1998 வரை நீடித்தது. எப்ஸ்டைனின் மூன்று பங்கேற்புகளும் கட்டாயம் இருந்த ஆண்டுகளில் அமைந்துவிட்டன.

ஆங்கிலம் உதவியிருக்குமா என்றால், 1970இலும் 1980இலும் வென்றது அயர்லாந்து என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டுக்கு விதியின்படியே ஆங்கிலம் கிடைத்தது. ஆனால் 1971இல் வென்றதும் 1972இல் வென்றதும் பிரெஞ்சுப் பாடல்கள். மொழி ஒன்றையே காரணமாகக் காட்ட நான் தயங்குகிறேன்.

பழைய வானொலி:

தாமதமாக இணைகிறேன். 1980இன் போட்டியைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றுகிறது, ஏனெனில் இவர் வெற்றிக்கு மிக அருகில் வந்தது அன்றுதான்.

முதலில் சூழல். 1978, 1979 இரண்டிலும் வென்ற இஸ்ரேல், இரண்டாவது ஆண்டும் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை ஏற்கவில்லை. நெதர்லாந்து முன்வந்து, 1976இல் பயன்படுத்திய அதே ஹேக் மாநாட்டு அரங்கில் 1980 ஏப்ரல் 19 அன்று போட்டியை நடத்தியது. அந்தத் தேதி தன் நாட்டின் நினைவு நாளுடன் மோதியதால் இஸ்ரேல் கலந்துகொள்ளவே இல்லை. மொராக்கோ தன் வரலாற்றில் ஒரே முறையாகக் கலந்துகொண்டது. மேடையை வடிவமைத்தவர் ரோலண்ட் டி க்ரூட்; பத்தாண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் எப்ஸ்டைன் நின்று பாடிய மேடையும் இவர் அமைத்ததுதான்.

'தேயாட்டர்' பாடலுக்கு ரால்ஃப் ஸீகல் இசையமைத்தார், பெர்ன்ட் மைனுங்கர் எழுதினார். முந்தைய ஆண்டு ஜிங்கிஸ் கான் குழுவை ஜெருசலேமுக்கு அனுப்பி நான்காம் இடம் பெற்ற அதே இணை. ஸீகல் எத்தகைய மனிதர் என்பதற்கு ஒரே ஒரு செய்தி போதும்: அந்த ஆண்டு ஹேக் மேடையில் லக்சம்பர்க்கின் சார்பில் இரட்டைச் சகோதரிகள் பாடிய பென்குவின் பாடலும் அவர் இசையமைத்ததே. அது ஒன்பதாம் இடம் பெற்றது. தன்னுடன் தானே போட்டியிடுவதில் அவருக்குச் சிறிதும் கூச்சமில்லை.

பாடலின் கரு பழமையானது. திரை உயர்கிறது, மேடை உலகமாகிறது, சிரிக்கும் கோமாளியின் உள்ளே அழுகை இருக்கிறது. நூறு பேர் எழுதித் தேய்ந்துபோன கருத்து என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் மைம் கலைஞர்களைப் போல வேடமிட்ட குழு பின்னால் இயங்க, எப்ஸ்டைன் அதைப் பாடிய விதத்தில் ஒரு நடிகையின் கட்டுப்பாடு இருந்தது. எந்த வரியில் சிரிக்க வேண்டும், எந்த வரியில் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்போது அவருக்கு 35 வயது. 1970இல் பாடிய இளம்பெண்ணால் இதைச் செய்திருக்க முடியாது.

பத்தொன்பது நாடுகளில் ஜெர்மனி பன்னிரண்டாவதாகப் பாடியது, அயர்லாந்து பதினேழாவதாக. அந்த ஆண்டில்தான் ஒவ்வொரு நாடும் தன் புள்ளிகளை 1இலிருந்து 12 நோக்கி ஏறுமுகமாக அறிவிக்கும் வழக்கம் தொடங்கியது. இன்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்குக் காத்திருப்பது அன்று பிறந்த பழக்கம். முடிவில் ஜானி லோகனுக்கு 143, எப்ஸ்டைனுக்கு 128, பிரிட்டனின் ப்ரிமா டோனா குழுவுக்கு 106. பதினெட்டு நடுவர் குழுக்களில் பதினைந்து புள்ளிகள் வித்தியாசம் என்றால், ஒரு குழுவுக்கு ஒரு புள்ளிகூட முழுதாக இல்லை.

மருதன்:

இந்த வாதத்தை முழுமனதோடு ஏற்கிறேன். 1980இல் அவர் பெற்ற இரண்டாம் இடம், பல ஆண்டுகளின் முதல் இடத்துக்குச் சமமானது. அப்படியிருந்தும் ஏன் வெல்லவில்லை என்பதற்குப் அயர்லாந்து அவருக்குப் பின் பாடியது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

இசைவாணி:

உண்டு என்று நினைக்கிறேன், அது மூன்று போட்டிகளையும் ஒன்றாகப் பார்த்தால் புலப்படுகிறது.

1970இல் எப்ஸ்டைன் பதினோராவதாகப் பாடினார். குரல் முழுவதையும் திறந்து, கைகளை விரித்துப் பாடி முடித்த அவருக்கு அடுத்து, கடைசியாக வந்தவர் டானா. பதினெட்டு வயதுப் பள்ளி மாணவி, உட்கார்ந்தபடியே, ஏறக்குறைய தாலாட்டைப் போன்ற ஒரு எளிய மெட்டைப் பாடினார். 1980இல் மைம் குழுவும் திரை உயரும் பல்லவியும் கொண்ட 'தேயாட்டர்' முடிந்து சற்று நேரத்தில் வந்த ஜானி லோகனும் ஓர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, சாக்ஸஃபோன் முன்னிசையுடன் தனிமையைப் பற்றிய மெல்லிய பாடலொன்றைப் பாடினார். இரண்டு முறையும் எப்ஸ்டைனைத் தோற்கடித்தவை, ஒருவர் அமர்ந்த நிலையில் தொலைக்காட்சிக் கேமராவிடம் நேரடியாகப் பேசுவது போலப் பாடியவை. எப்ஸ்டைன் அரங்கத்துக்குப் பாடினார். அவர்கள் வீட்டுக் கூடத்துக்குப் பாடினார்கள்.

இதை ஸீகல் புரிந்துகொண்டார் என்றே நம்புகிறேன். 1981இல் லேனா வாலைடிஸ் மூலம் மறுபடியும் இரண்டாம் இடம், அதுவும் நான்கே புள்ளிகளில் நழுவியது. 1982இல் அவர் அனுப்பிய நிக்கோல் பதினேழு வயதுப் பெண். வெள்ளைக் கிதாரை மடியில் வைத்து, அமர்ந்தபடி, அமைதியை வேண்டும் எளிய பாடலைப் பாடினார். 161 புள்ளிகள், ஜெர்மனியின் முதல் வெற்றி. அந்தக் காட்சியை டானாவின் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய வானொலி:

நல்ல கவனிப்பு. ஆனால் 1971இல் வென்ற ஸெவ்ரீன் நின்றபடி முழுக்குரலில் பாடியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாகும். அமர்வது வெற்றிக்கு வழி என்று யாரேனும் இதிலிருந்து பாடம் எடுத்துவிடப் போகிறார்கள்!

கணக்குப்பிள்ளை:

வென்றவர்களான நிக்கோல், லேனா மையர்-லாண்ட்ரூட் ஆகியோருடன் எப்ஸ்டைனை ஒப்பிடும்போது செய்யப்படும் ஒரு தவறான கணக்கை இங்கே முன்கூட்டியே மறுத்துவிட விரும்புகிறேன். எப்ஸ்டைன் 1980இல் அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடிய 216இல் 128 பெற்றார், அதாவது 59 விழுக்காடு. லேனா 2010இல் 456இல் 246 பெற்றார், 54 விழுக்காடுதான். எனவே எப்ஸ்டைனின் இரண்டாம் இடம் லேனாவின் வெற்றியைவிட உயர்ந்தது என்று வாதிட முடியும். இது பொருந்தாது. 1980இல் ஒரு நடுவர் குழு பதினெட்டுப் பாடல்களில் பத்துக்குப் புள்ளி கொடுத்தது, பாதிக்கும் மேல். 2010இன் இறுதிச்சுற்றில் இருபத்துநான்கு அல்லது இருபத்தைந்து பாடல்களில் பத்துக்கு, பாதிக்கும் குறைவு.

சரியான அளவுகோல் சராசரி. அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் வழங்கிய புள்ளிகள் 58 என்பதால், பாடிய நாடுகளே வாக்களித்தபோது, எத்தனை நாடுகள் கலந்துகொண்டாலும் ஒரு பாடலுக்கான சராசரி 58தான் (2010இன் இறுதிச்சுற்றில் பாடியவை இருபத்தைந்து நாடுகள், வாக்களித்தவை முப்பத்தொன்பது, ஆகவே அங்கே சராசரி ஏறக்குறைய 90). அதன்படி எப்ஸ்டைன் சராசரியைப் போல் 2.2 மடங்கு, ஜானி லோகன் 2.5, நிக்கோல் 2.8, லேனா 2.7. வென்ற இருவரும் தத்தம் ஆண்டில் எப்ஸ்டைனைவிடத் தெளிவாக மேலோங்கி நின்றனர். ஒரே இரவின் உச்சத்தை அளந்தால் நிக்கோலுக்கே முதலிடம்.

செந்தூரன்:

இதை நான் மறுக்கவில்லை. என் வாதம் உச்சத்தைப் பற்றியதன்று, நிலைத்த தரத்தைப் பற்றியது. வெற்றியாளரான லேனா 2011இல் சொந்த நாட்டில், டுஸ்ஸல்டோர்ஃப் நகரில், பட்டத்தைக் காக்க மீண்டும் பாடியபோது 107 புள்ளிகளுடன் பத்தாம் இடம் பெற்றார். அது இழிவான முடிவன்று; வென்ற மறு ஆண்டே திரும்பி வந்த டச்சுப் பாடகி கோரி ப்ரோக்கன் 1958இல் கடைசி இடத்தைப் பெற்றதை நினைத்தால் மரியாதையான முடிவும்கூட. ஆனால் ஒரு பாடகர் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டுகிறது. எப்ஸ்டைன் இரண்டு முறை திரும்பி வந்தார். இரண்டாவது முறை, இசை ரசனையே மாறிவிட்ட ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்.

நிலவன்:

அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் முயலவே இல்லையா?

பழைய வானொலி:

முயன்றார். 1975இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடந்த தேசியத் தேர்வில் பாடினார். அது ஜெர்மன் தேர்வுகளிலேயே பெயர்கள் நிறைந்த ஒன்று: மேரி ரூஸ், மரியான ரோஸன்பெர்க், பெகி மார்ச், இவர்களோடு 1971இல் டப்ளினில் எப்ஸ்டைனை முந்திச் சென்ற அதே ஸெவ்ரீனும் ஜெர்மன் பாடலொன்றுடன் அங்கே நின்றார். இவர்கள் யாரும் தேர்வாகவில்லை. ஜாய் ஃப்ளெமிங் வென்று ஸ்டாக்ஹோம் சென்றார். பாடலின் இறுதிப் பகுதியை ஆங்கிலத்திலும் பாடி, 15 புள்ளிகளுடன் பத்தொன்பது நாடுகளில் பதினேழாம் இடம் பெற்றார். அந்தப் பாடல் இன்றும் ஜெர்மனியில் விரும்பிக் கேட்கப்படுகிறது. அன்றைய தேர்வில் தோற்ற ரோஸன்பெர்க்கின் பாடலோ அந்த அரங்கில் ஒலித்த எல்லாவற்றையும்விட நீண்ட ஆயுள் பெற்றது.

மருதன்:

அப்படியானால் தேர்வுக் குழுக்களின் காதுகளைப் பற்றித் தனியாக ஒரு விவாதம் தொடங்கலாம். என் நிலைப்பாடு இது: 1980 மறுக்க முடியாதது, 1971 இரண்டு புள்ளிகளின் தயவு, 1970ஐ இன்னும் நான் மூன்றாம் இடம் என்று முழுமனதாக அழைக்க மாட்டேன். அடுத்து யாரேனும் லேனா வாலைடிஸைப் பற்றி எழுதினால் அங்கே தொடர்வேன். நான்கு புள்ளிகளில் தோற்றவரின் வழக்கு இதைவிடச் சூடாக இருக்கும்.